சுவரில் மாட்டிய காம்பரா

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. ஒரு தடவை ஒரு பெயரை, தோட்டப் பிரிவை, லயத்து நம்பரை, காம்பரா நம்பரை எல்லாம் மூன்று மொழியிலும் பிழையில்லாமல் அச்சடித்து, ஒரு படத்துக்குக் கீழே அளவு பார்த்து ஒட்டினேன். அந்த ஒரு தடவை எனக்குப் போதும்.

எனக்கு வேலை பதுளையில். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், டவுனில் ஒரு பழைய கட்டடத்தை எடுத்து வெள்ளையடித்து, தன் கலைக்கூடத்தின் கிளை என்று திறந்து வைத்திருந்தது. அங்கே பொது நிகழ்ச்சிகளுக்கு நான் இணைப்பாளர். சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு, மாதத்துக்கு ஒரு பேச்சு, பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவது. பேச்சு சிங்களத்திலோ இங்கிலீஷிலோ நடக்கும். 'தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு' என்று சுவரொட்டியில் போட்டிருப்போம். அந்த மொழிபெயர்ப்பு நான்தான். சில நாள் அதைக் கேட்பதற்கு வந்திருந்த ஒரே தமிழ் ஆளும் நான்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லியே எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அப்படிப் பிழைத்துத்தான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான் ஒருத்தி. அதை ஒரு பதவி மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் யாராவது "தோட்டத்து மக்கள்" என்று ஆரம்பித்தால், எந்தத் தோட்டம், எந்த மக்கள் என்று எழும்பிவிடுவேன். பணிப்பாளர் ஒரு சிங்களப் பேராசிரியை, நல்ல மனுஷி. நான் கத்தினால் கேட்டுக்கொள்வார், குறிப்பு எடுப்பார், சில நேரம் மன்னிப்பும் கேட்பார். அதனால் எனக்குக் கொழுப்பு ஏறிப்போயிருந்தது என்று இப்போது தெரிகிறது.

சமூக நிகழ்ச்சி ஒன்று செய்ய வேண்டும் என்று அந்த வருஷம் பேச்சு வந்தபோது, பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் தாங்கள் வாழும் இடத்தைத் தாங்களே வரையட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். தோட்ட ஆபீஸில் எழுதிக் கேட்டு, பிள்ளைக் காம்பராவைத் திறந்து வாங்கினோம். அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். சுவரெல்லாம் பால்மாவும் பினைலும் சேர்ந்த வாசனை.

முதல் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள், பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேரே வந்தவர்கள், உடுப்புத் துவைத்த ஈரக் கையோடு வந்தவர்கள். நான் கரித்துண்டை நீட்டியதும் எல்லாரும் எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்கள். கரியைத் தொடுவதற்குக் கை கழுவிய ஆட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நானும் தோட்டத்துப் புள்ளதான், கூச்சப்படாதீங்க" என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் அதை அவர்களுடைய கூச்சத்தைத் திறக்கிற சாவியாகத்தான் சொன்னேன்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இது. ஐம்பதுக்குக் கிட்ட வயது, கொழுந்தெடுக்கிற பெண். நான் அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் மாற்றவில்லை. முதல் ஞாயிறு லயத்தின் முன்பக்கத்தை வரைந்தார்: கதவு, ஒரு ஜன்னல், இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் சின்ன முன்விறாந்தை, அதில் பால்மா டின்னில் நட்ட ஒரு செடி. நேர்க்கோடுகள் நேராகவே இருந்தன. அந்தக் கையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

"பின்னாடி என்னக்கா இருக்கு?"

"பின்னாடி ஒண்ணுமில்லைங்க டீச்சர்."

"வர்ற வழியில தகரம் தெரிஞ்சுச்சே."

அவர் கரித்துண்டைத் தாளில் வைத்துவிட்டு முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "அது சும்மா ஒரு காம்பராங்க" என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே ஒரு அறை. பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடித்தாலும் அதே அறைதான். கூட ஓர் அறை இழுக்க வேண்டுமானால் ஆபீஸில் அனுமதி எடுக்க வேண்டும், அந்த அனுமதி கிடைப்பதில்லை. அதனால் ரோட்டிலிருந்து தெரியாத பின்பக்கத்தில், மலைச்சரிவைப் பார்த்தபடி, நாலு வரிசைக் கல்லும் தகரமுமாக ஒன்றை எழுப்பிவிடுவார்கள். தோட்ட மானேஜரான துரை முன்பக்கமாகத்தான் நடப்பார். ஆட்களை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் சாப்பிடுகிறவரும் தெரிந்தேதான் சாப்பிடுகிறார். யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், எதிலும் எழுதாமல் இருக்கிற வரைக்கும் அந்த அறை நிற்கும்.

எல்லாம் தெரிந்தும், "உள்ளதை வரையுங்கக்கா. அழகு வேணாம், உள்ளதுதான் வேணும்" என்றேன்.

இரண்டாவது ஞாயிற்றிலிருந்து அவர் உள்ளதை வரைந்தார். யாரும் சொல்லித் தராமலே, கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல வரைந்தார். வாரநாளில் அறையைக் காலால் அளந்து, எத்தனை அடி என்று மனதில் வைத்துக்கொண்டு வருவார். முன் காம்பராவில் அவரும் புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் படுக்கிற இடம், அடுப்பு, விறகு, தண்ணி பீப்பா. பின்னறையில் மகனும் மருமகளும். மருமகளுக்கு அப்போது நிறைமாதம். பிள்ளை பிறக்கும் முன்னமே அந்த அறையின் நடுவில், முகட்டு மரத்திலிருந்து தொங்குகிற ஒரு சேலைத் தொட்டிலை வரைந்துவிட்டார். "இந்த ரூம்பு இல்லாட்டி மகன் இவளக் கூட்டிக்கிட்டுக் கொழும்புக்குப் போயிருப்பான் டீச்சர். கட்டினதாலதான் இருக்கான்" என்றார். அந்தத் தொட்டிலைப் பார்த்து மற்றப் பெண்கள் கேலி செய்ய, அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஆறாவது ஞாயிறு சம்மதக் கடிதங்களில் கையெழுத்து வாங்கினேன். பேனையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இதத் தொரைமாரு யாரும் பாப்பாங்களா?"

"யாரு பார்த்தா என்னக்கா, படந்தானே."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதை நம்பித்தான் போட்டார்.

கண்காட்சி வேலை தொடங்கியதும் கீழே ஒட்டும் சீட்டுகளுக்கு ஒரு மாதிரியைப் பணிப்பாளர் அனுப்பினார். 'தோட்டத் தொழிலாளப் பெண், பசறை. தாளில் கரித்துண்டு.' பன்னிரண்டு படத்துக்கும் அதே வரி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பக்கத்து மண்டபத்தில் கொழும்பு ஓவியர் ஒருவருக்குப் பெயர், பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் போட்டிருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு மட்டும் தோட்டப் பெண்ணா என்று கேட்டேன். அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான் பெயரை விட்டோம் என்றார் அவர். அந்தச் சொல்லைக் காதில் வாங்கவே இல்லை. பாதுகாப்பு என்று சொல்லித்தானே எங்களை எப்போதும் பெயரில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பிரசங்கமே நடத்தினேன். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். தோட்டத்தில் ஓர் ஆளுக்கு முகவரி என்றால் பெயர், பிரிவு, லயம், காம்பரா நம்பர்தான். தபால் வருவதும் அதற்குத்தான். அதையே சீட்டில் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக வேறு எதையும் எழுதியதில்லை.

திறப்புக்கு நாலு நாள் முந்தி, அழைப்பிதழ் அனுப்பும் பட்டியல் என் மேசைக்கு வந்தது. அதில் அந்தத் தோட்டத்துத் துரை இருந்தார். தோட்டத்தை நடத்துகிற கம்பெனியின் கொழும்பு அதிகாரி ஒருவரும் இருந்தார். பிள்ளைக் காம்பராவைத் தந்ததற்கு நன்றி சொல்வதற்காகப் பணிப்பாளர் சேர்த்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை, பின்னறை விவகாரம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பட்டியலைப் பார்த்தவுடனே அக்காவின் படம்தான் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு பேரின் பெயரை வெட்டச் சொல்லியிருக்கலாம், படத்தையே எடுத்திருக்கலாம், குறைந்தது சீட்டையாவது கிழித்திருக்கலாம். நாலு நாள் இருந்தது.

பார்க்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் எத்தனை பேர் எத்தனை அடிக்குள் படுக்கிறார்கள் என்று அந்தத் துரைமார் நின்று பார்க்கட்டும். வெட்கப்படட்டும். பல வருஷமாக எனக்குள் கிடந்த ஒரு சண்டைக்கு அக்காவின் அறையை எடுத்துக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவரைக் கேட்கவில்லை.

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ் பேசி அனுப்பியிருந்தோம். வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்து, முகம் கழுவி, மறுபடி பவுடர் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். நல்ல சேலைகள். மருமகள் வரவில்லை, பிள்ளைக்கு அப்போதுதான் ஒரு மாதம். அக்காவின் படம் வாசலுக்கு நேரே, நடுச்சுவரில். அதைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். "இம்மாம் பெருசா இருக்கே" என்றார்.

ஒவ்வொருத்தரும் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது நிகழ்ச்சி ஒழுங்கு. அந்த ஒழுங்கையும் எழுதியவள் நான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதும் நிற்கிறதுபோலப் பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்கள்.

கொழும்பு அதிகாரி மரியாதையான மனிதர். ஒரு படத்தையும் விடாமல் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவின் படத்தின் முன்னால் வந்ததும் குனிந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் தோட்டத்துத் துரை. நான் ஓடிப்போய் மொழிபெயர்க்க நின்றேன்.

அவர் இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "பின்னாடி இருக்கிற அறை எப்ப கட்டினதுன்னு கேக்குறாரு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை, துரையைப் பார்த்தார். துரை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் பொங்கல் கழிச்சுங்க."

சொன்னேன்.

"யாரு அனுமதி குடுத்ததுன்னு கேக்குறாரு."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். இது கற்பனை, வேண்டும் என்று ஆசைப்படுகிற அறையை வரைந்திருக்கிறார் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார். துரைக்குத் தமிழ் தெரிந்தாலும், இரண்டு மொழிக்கும் நடுவில் பேச நான் மட்டும்தான் நின்றேன். அந்த யோசனை வரவும் செய்தது. ஆனால் அதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார்.

"யாரும் குடுக்கலைங்க. நாங்களாத்தான் கட்டிக்கிட்டோம்."

அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். தலையை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்சம் திமிராகவே சொன்னேன். அதிகாரி படத்தைப் போனில் ஒரு படம் எடுத்தார். பிறகு குனிந்து, நான் ஒட்டிய சீட்டைத் தனியாக இன்னொரு படம் எடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, இன்னொருத்தியின் வாயைத் திறக்க வைத்து அவரைக் கெடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா போன் எடுத்தார். "டீச்சர், ஆபீஸ்ல இருந்து ஒரு கடுதாசி குடுத்திருக்காங்க. இங்கிலீஷும் சிங்களமுமா இருக்கு. இந்தப் பக்கம் வந்தா படிச்சுச் சொல்றீங்களா?" குரலில் பயம் இல்லை. ஏதோ நல்ல சேதியாகக்கூட இருக்கலாம் என்ற நினைப்பு இருந்தமாதிரித்தான் இருந்தது.

அன்றைக்கே போனேன். இஸ்தோப்பில் நின்றபடி உறையைத் திறந்தேன். அனுமதியில்லாத கட்டுமானம், பதினாலு நாளுக்குள் நீங்களாகவே அகற்ற வேண்டும், தவறினால் தோட்டம் அகற்றும், காம்பராவும் திருப்பி எடுக்கப்படலாம். மேலே முகவரி. பெயர், பிரிவு, லயம், காம்பரா நம்பர், நான் சீட்டில் போட்ட அதே ஒழுங்கில். தோட்ட ஆபீஸில் வழக்கமாக எழுதுவது பதிவு நம்பரைத்தான். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் கடிதம் கடிதம்தான். நான் சொல்லி முடித்ததும் அக்கா, "எந்த ரூம்புங்க?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை. நான் வேறு எதையாவது சொல்லமாட்டேனா என்றுதான் கேட்டார்.

பணிப்பாளரும் நானும் துரையைப் பார்க்கப் போனோம். உட்கார வைத்து டீ தந்தார். நல்ல தோட்டத் தமிழ் பேசுகிற மனிதர். பணிப்பாளர் இங்கிலீஷில் கலை, சுதந்திரம் என்று ஏதோ சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சிமெந்து ஏத்தின லொறி இந்த ஆபீஸ் முன்னுக்குத்தான் போச்சு. அன்னைக்கு ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே போகல. எதுக்குன்னு நெனைக்கிறீங்க? அந்தப் பையன் நல்ல வேலக்காரன், போயிரக்கூடாதுன்னுதான்."

"அப்ப இப்பவும் விட்டுடலாமே சேர்."

"பாக்காத வரைக்கும் என் கையில இருந்துச்சு. நீங்க எனக்கு மேல உள்ள ஆளக் கூட்டிவந்து, நம்பரோட காட்டி, அந்தப் பொம்பளையையே சாட்சி சொல்ல வச்சிட்டீங்க. இனி என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னதில் எங்கேயும் பொய் இல்லை. சண்டை போடுவதற்கென்றே போனவள், டீயைக் குடித்துவிட்டு வந்தேன். பணிப்பாளர் கம்பெனிக்கு ஒரு நல்ல கடிதம் எழுதினார். அவர்களும் நல்ல கடிதமாகப் பதில் எழுதினார்கள்: மண்சரிவு அபாயம், பொறுப்பு, விதி. துரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்று பணிப்பாளர் தன் அறையில் அழுதார். மறுவாரம், இந்த வீட்டுப் பிரச்சினையைப் பற்றியே ஒரு கலந்துரையாடல் வைக்கலாமா, அக்காவையும் மேடையில் உட்கார வைக்கலாமா என்று கேட்டார். மனம் பொறுக்காமல்தான் கேட்டார். அந்த வேலையில் சேர்ந்த பிறகு ஒரு கேள்விக்கு நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அறையைப் பிரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்தால் அதைவிடக் கேவலமாக இருக்கும் என்று போனேன். தோட்டம் வந்து இடித்தால் தகரம் வளைந்துபோகும் என்று அக்காவின் புருஷனும் மகனும் தாங்களே ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை கையில் ஒரு தாளோடு ஓரமாக நின்றார். அந்த லயத்தில் இன்னும் நாலு பின்னறை இருக்கிறது. நாலின் மேலும் அன்றைக்குப் பழைய சாக்கும் காய்ந்த கிளையும் போர்த்தி, முன்னால் விறகை அடுக்கி வைத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை அவற்றுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். ஆறு ஞாயிறு என்னோடு உட்கார்ந்து வரைந்த பெண்கள் தத்தம் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் வாங்க என்று சொல்லவில்லை. என்னைக் கண்டதும் இரண்டு கதவு மூடியது.

அக்கா மட்டும் என்னிடம் பேசினார். "மழ வரும் போல இருக்கு, உள்ளுக்கு வந்து நில்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தகரத்தை அடுக்கப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மருமகள் இஸ்தோப்பில் பாயைப் போட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பையும் கயிற்றால் கட்டிய ஒரு பெட்டியும். அடுத்த நாள் பண்டாரவளைப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போகிறாள். அங்கேயும் ஏழு பேர். மகன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போவதாகப் பேசி முடித்தாகிவிட்டது. பின்னாலிருந்து ஒவ்வொரு தகரமாகக் கழற்றும் சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுதது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரமும் எனக்காகவே வைத்திருந்த பார்வை அது.

"நீங்களும் தோட்டத்து ஆள்தான்னு மாமி சொன்னாங்க."

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"தெமோதரைப் பக்கம்."

"லயமா?"

"லயந்தான். அம்மா இன்னமும் அங்கதான் இருக்காங்க."

பிள்ளையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "ஒங்க வீட்டுல பின்னாடி காம்பரா இருக்கா?"

இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா கட்டியது. அந்த அறையில் படித்துத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். இன்றைக்கும் அதில் தம்பியும் அவன் பெண்சாதி பிள்ளைகளும் படுக்கிறார்கள். கட்டி முடித்த அன்று அம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்து, யார் கேட்டாலும் பின்னால் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும், டீச்சர் கேட்டாலும் சரி, சாமியே கேட்டாலும் சரி என்று சொல்லித் தந்தார். கலைக்கூடத்தில் ஊர் முகவரி கேட்டு ஒரு படிவம் தந்தபோது நான் பதுளை டவுன் வாடகை அறையைத்தான் எழுதினேன். ஆறு ஞாயிற்றில் ஒரு ஞாயிறுகூட நான் ஒரு கோடு வரையவில்லை.

"இல்ல" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. கேட்டவுடனே வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் திருத்தவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோபம் அவள் முகத்திலிருந்து மெல்லப் போனது. போவதை நான் பார்த்தேன்.

"அப்படின்னா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றாள். "இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்."

பையை இழுத்து வைத்துப் பாயில் எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன்.